ஏழாம் அத்தியாயம் நீங்கலாக

அஜ்மான் மீன் சந்தை, வெட்டுமேடை பதினான்கு.
தொம்மை மச்சாது கையுறையைக் கழற்றாமலே
ஒப்பந்தத்தை வாங்கினார்.
முதல் பக்கத்தில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது.
பிறகு எவ்வளவு சுரண்டியும் வரவில்லை.

முந்நூறு பிரதி அச்சான புத்தகம்,
‘நங்கூரத்தில் நானூற்றுப் பதினோரு நாள்’.
முதலாளி கைவிட்ட கப்பலின் சமையல்காரர் எழுதியது.
ரோலாவில் நான் வேலை பார்க்கும் டைப்பிங் சென்டரில்
விசா புதுப்பிக்க வந்த யாரோ
நாற்காலியில் மறந்துவிட்டுப் போன பிரதி.
மூன்று மாதம் வைத்திருந்தேன், கேட்டு வரவில்லை.
நான்காம் மாதம் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்து அனுப்பியதும்
சென்னைத் தயாரிப்பாளர் கேட்டது ஒன்றுதான்:
“ரைட்ஸ் இருக்கா மேடம்?”

அதனால் இந்த மூன்று பக்கம்.
கிடைத்த மாதிரி ஒன்றைத் தமிழாக்கி
பதினெட்டு மாதம் என்று போட்டு
முன்பணம் ஆயிரம் திர்ஹம் என்று போட்டு
(இரண்டு தவணை, என் சம்பளத்திலிருந்து)
இருக்கிற, இனிக் கண்டுபிடிக்கப்போகிற
எல்லா ஊடகங்களிலும்
அண்டம் முழுவதிலும் என்றும் போட்டிருந்தேன்.

“அண்டம்னா?”
வழக்கமாப் போடுறது, என்றேன்.
“நிலாவுல ஓட்டினாலும் எனக்குப் பங்கில்ல, அப்படித்தானே?”
சிரித்துவிட்டு, காத்திருந்த எகிப்துக்காரருக்கு
ஒரு ஷேரியை இரண்டாகப் பிளந்தார்.

“தண்ணிய எப்படிக் காட்டுவீங்க?”
டீசல் தீர்ந்த கப்பலில்
விடியற்காலை இரும்புத் தளம் வியர்ப்பதை
துண்டால் ஒற்றிப் பிழிந்து குடித்தது,
மூன்றாம் அத்தியாயம். மனப்பாடமாகச் சொன்னேன்.
“பிழியுறப்ப ஒரு சத்தம் வரும்.
அது போதும். மேல வயலின் போட்றாதீங்க.”

ஏழைத் தரமாட்டேன் என்றார்.
ஷஃபிகுல் ஒரு ராத்திரி சொன்னது அது,
சிட்டகாங்கில் விட்டுவந்த குழந்தையைப் பற்றி.
“அவன் சொன்னான், நான் எழுதிட்டேன்.
அதை விக்க எனக்குப் பாத்தியதை கிடையாது.”
என் நாற்பது காட்சிகள் அதன்மேல் நிற்கின்றன
என்பதை நான் சொல்லவில்லை.
சரி என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.
ஐஸ் உடைக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் பக்கம், கடைசிப் பத்தி.
இனி எக்காலத்திலும் இது தொடர்பாக
எவ்வித உரிமையும் கோரமாட்டேன்.
கத்தியைக் கீழே வைத்தார்.

“இதைப் படிச்சிருக்கேன்.
கரைக்கு வந்த அன்னைக்கு, துறைமுக ஆபீஸ்ல.
சம்பள பாக்கியில பாதி, விமான டிக்கெட்,
இந்த வரிக்குக் கீழ கையெழுத்து.”

எனக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டும்.
நாளைக்கு எட்டுப் பேருக்காவது இதைத் தட்டுகிறேன்,
அரபியில், ஆங்கிலத்தில், பக்கத்துக்கு இருபது திர்ஹம்.
என் மொழிக்கு வந்தபோது
அதற்கு முகம் மாறியிருந்தது.

மேடையிலேயே அடித்தேன்.
ஈரத்தில் பேனா எழுதவில்லை,
காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்த வேண்டியிருந்தது.
ஓரத்தில் அவர் சுருக்கெழுத்து, என் சுருக்கெழுத்து.
ஏழாம் அத்தியாயம் நீங்கலாக என்று
இடுக்கில் அவரே எழுதினார்,
எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கண்டம் போல் கனமாக.

கிளம்பும்போது நான்கு துண்டு சீலா பொட்டலம்.
காசு நீட்டியதும் முகம் சுளித்தார்.
“ஒரு உரிமையில தாறேன், எடுத்துக்கங்க.
இதுக்கும் பேப்பர் வேணுமா?”

ஷார்ஜா பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்
பொட்டல வாடைக்கு எழுந்து நின்றார்.
அல் ஜுபைல் வருவதற்குள் தயாரிப்பாளரின் பதில்:
“அந்த கிளாஸ் இல்லாம செல்லாது மேடம்.
கிளைமாக்ஸும் போச்சே.”
பதில் அனுப்பவில்லை. மீனைப் பொரித்தேன்.

காலை எட்டரைக்கு முதல் ஆள்,
நேபாளியாக இருக்கலாம், கம்பெனிக் கடிதத்தோடு.
அந்த வரியைத் தட்டினேன்.
அச்சுப்பொறி சூடாகி வெளியே தள்ளியது.
இருபது திர்ஹத்தைச் சில்லறையாக எண்ணி வைத்துவிட்டு
எங்கே கையெழுத்து என்று கேட்டார்.

காட்டினேன்.